மேலே ஏற்றின தண்ணீர்

எனக்கு எழுத்து கோணல். அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்கப்புறம் கையில் பிடித்ததெல்லாம் துடைப்பமும் பினாயில் வாளியும். எழுதிக்கொண்டு போனால் முன்னே நடந்தது பின்னேயும், பின்னே நடந்தது முன்னேயும் வந்துவிடும். மறதியும் ஜாஸ்தி, குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று இரண்டு தரம் நக்கிப் பார்க்கிறவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுவேன். காகிதம் என்னைத் திரும்பிப் பார்க்காது என்பதால் துணிந்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு லாட்ஜ் அம்மாவைப் பற்றி. பேர் வேண்டாம். உயிரோடு இருந்தபோதே, லாட்ஜ் பலகையில் தன் பேரைப் போட வேண்டாம் என்று சொன்னவர். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கிட்டே, அவருக்கு ஒரு மாடி லாட்ஜ். நான் அங்கே அறை கூட்டி, பாத்ரூம் கழுவி, போர்வை துவைத்துக்கொண்டிருந்தேன். பௌர்ணமி என்றால் நடைவழியில்கூடப் பாய் விரித்துப் படுப்பார்கள். பௌர்ணமி போனால் அடுத்த பௌர்ணமி வரைக்கும் முக்கால்வாசி அறைகளில் பூட்டுத்தான் தொங்கும். எங்கள் பக்கத்து லாட்ஜெல்லாம் நிலாவைப் பார்த்துப் பிழைக்கிற பிழைப்பு.

அந்த அம்மாவுக்குத் தண்ணீரைக் கீழே கொட்டினால் ஆகாது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. யாராவது கொட்டுவதைப் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டார்.

"ஏமே, தரை தொடச்ச தண்ணி எங்க?"

"கொட்டிட்டேம்மா."

"எங்க கொட்ன?"

"சாக்கடையிலம்மா."

"சாக்கடைக்கு இன்னா, தாகமா?"

அதற்கப்புறம் துடைத்த தண்ணீர் வாழைக்குப் போயிற்று. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. அறையைக் காலி செய்கிறவர்கள் பாட்டிலில் பாதி விட்டுப் போகிற தண்ணீரை நான் ஒரு டிரம்மில் சேர்க்க வேண்டும். அதில்தான் மறுநாள் கால்மிதி அலசுவது. ஒழுகுகிற குழாய்க்குக் கீழே எப்போதும் ஒரு குண்டான் உட்கார்ந்திருக்கும்.

மொட்டை மாடியில் வரிசையாகக் கறுப்பு பிளாஸ்டிக் டேங்குகள். மற்ற பெண்கள் நகைக்கடை வாசலில் நிற்கிற மாதிரி அவர் டேங்க் கடை வாசலில் நிற்பார். போர்க் கிணற்றில் தண்ணீர் வருகிற நாளில் எல்லாவற்றையும் கழுத்து வரைக்கும் ரொப்பி, மூடி போட்டு, மூடி மேல் கல் வைத்துவிடுவார், குரங்கு திறக்காமல் இருக்க. "மேல ஏத்தின தண்ணி, வேலை செஞ்சிட்டுத்தான் கீழ எறங்கணும்" என்பார். அது அவர் வாயில் சாமி பேர் மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

ஒருமுறை ஒரு ஆள் ஷவருக்குக் கீழே நின்றவர் வெளியே வருவதாகவே இல்லை. அம்மா மாடிக்குப் போய் வால்வை மூடிவிட்டார். தலை நிறைய நுரையோடு அந்த ஆள் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாங்க இது, தண்ணி நின்னுபோச்சு!"

"சார், கோயில்ல அபிஷேகம் முடிஞ்சி அலங்காரமே பண்ணிட்டாங்க. உங்களுக்கு இன்னும் முடியலையா?"

அந்த ஆளும் சிரித்துவிட்டார். அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து நுரையைக் கழுவ வைத்தார்.

இது ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எனக்கு ஏது? ஒருநாள் போர்வை உலர்த்திக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கோடையாம். கிணறு வற்றி, தொட்டியில் காட்டத் தண்ணீர் இல்லாமல், கறக்கிற மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தது இவர்தான். "அது போற வரைக்கும் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பாத்துங்கீந்துச்சுமே" என்றார். அப்புறம், "இந்தப் போர்வை சரியா பிழியல பாரு" என்று என்னைத் திட்டினார்.

டேங்கைக் கழுவ மட்டும் விடவே மாட்டார். கழுவுவதென்றால் காலி செய்ய வேண்டுமே. "தெளிஞ்ச தண்ணியை எதுக்குக் கலக்கறீங்க?" என்பார். வெந்நீருக்கும் தனியாக ஏற்பாடு கிடையாது. எங்கள் ஊர் வெயிலுக்குக் கறுப்பு டேங்கில் தண்ணீர் தானாகவே சுடும். அதைப் பெருமையாகச் சொல்வார்: "கை வெச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு, கொழந்தைக்கு ஊத்தற பதம். கரண்ட்டு எதுக்கு?"

கொரோனா வந்தது. கிரிவலத்தை நிறுத்தினார்கள். பாதையில் நாயும் குரங்கும்தான் நடந்தன. லாட்ஜைப் பூட்டினோம். அந்த நாளிலும் அம்மா டேங்குகளை ரொப்பியே வைத்திருந்தார். "தண்ணி இன்னா, பாலா, திரிஞ்சி போறதுக்கு?"

மறுபடி கிரிவலம் போகலாம் என்று ஆனது. வருகிற சித்ரா பௌர்ணமிக்கு லாட்ஜைத் திறப்பது என்று அம்மா முடிவு செய்தார். சித்ரா பௌர்ணமிக்கு வருகிற கூட்டம் சொல்லி முடியாது. முன்னாடியே வந்து எல்லா அறையையும் கழுவு என்றார், போனேன்.

பூட்டிக் கிடந்த பாத்ரூம் ஒவ்வொன்றிலும் ஷவரைத் திருகினேன். முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர் கக்கியது, பிறகு உப்பு அடைத்த ஓட்டைகள் வழியாகப் பனி மாதிரி நாலா பக்கமும் தெறித்தது. சின்ன அறை, ஜன்னலும் சாத்தி இருந்தது. முகமெல்லாம் நனைந்து நின்றேன். அந்த வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

சில நாளில் காய்ச்சல் வந்தது. உடம்பை அடித்துப் போட்ட மாதிரி வலி, இருமல், மூச்சு மேலேயே நின்றது. என் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எல்லாரும் கொரோனா என்றே நினைத்தார்கள், பார்த்தால் இல்லை. டி.பி.யா என்று சளி எடுத்தார்கள், அதுவும் இல்லை. முதலில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் கேட்கவில்லை. எனக்கு நினைவு தடுமாறிவிட்டது. கட்டில் கம்பியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேனாம். "ரூம் ரெடி ஆவல, அம்மா திட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அதைக் கேட்டுத்தான் அந்த வார்டு டாக்டரம்மா என் மகளிடம், இவர் எங்கே வேலை செய்கிறார், கடைசியாக என்ன வேலை செய்தார் என்று விசாரித்திருக்கிறார். பூட்டிக் கிடந்த லாட்ஜ், ஷவர் என்றதும் என் மூத்திரத்தை வேறே ஒரு சோதனைக்கு அனுப்பினார். கிருமி தெரிந்துவிட்டது. பேர் லெஜியோனெல்லா. டாக்டரம்மா பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுகிறேன். அதற்குத் தகுந்த மருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு கீழே இறங்கியது. கம்பியைத் துடைப்பதை விட்டேனாம், கஞ்சி கேட்டேனாம்.

லாட்ஜ் அம்மா பார்க்க வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "ஆஸ்பத்திரி தண்ணி உனுக்கு ஒத்துக்காதுமே" என்றார். டாக்டரம்மா அவரைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் டேங்க்ல கிருமியா? மூடி போட்டு, மூடி மேல கல்லு வெச்சிருக்கேன். கொரங்குகூட வாய் வெக்காது!"

"வெளிய இருந்து விழலைங்கம்மா. இது ஏரியில, ஆத்துல, ஈர மண்ணுல எங்கயும் கொஞ்சம் இருக்கும். கொஞ்சமா இருந்தா ஒண்ணும் ஆவாது. தண்ணி நவுறாம வெதுவெதுன்னு நின்னுச்சின்னா பெருகிடும்."

"கொழந்தைக்கு ஊத்தற பதம்" என்றார் அம்மா, மெதுவாக.

"அந்தப் பதம்தான் அதுக்கும் புடிக்கும்."

"குளோரின் போடறேனே!"

"போடறீங்க. பைப்புக்கு உள்பக்கம் தொட்டா வழவழன்னு இருக்கும் இல்ல? அதுக்குள்ள பூந்து படுத்துக்கும். அந்த வழவழப்பை மேயறதுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிர் இருக்குது. அது இந்தக் கிருமியை முழுங்கிடும். ஆனா செரிக்க முடியாது. முழுங்கினது வயித்துக்குள்ளயே உக்காந்து குட்டி போடும். நீங்க போட்ட குளோரின் அங்க எங்க போவும்?"

"அடிப்பாவி" என்றார் அம்மா, கிருமியைத்தான்.

"நம்ம நுரையீரல்ல கிருமியைப் புடிச்சித் திங்கற காவல்காரங்க இருக்காங்க. அவங்க வயித்துலயும் இதே மாதிரிதான் உக்காந்துக்குது."

"நானும் அந்தத் தண்ணியிலதானே குளிக்கிறேன்? எனக்கு ஒண்ணும் வரலையே?"

"எப்படிக் குளிப்பீங்க?"

"சொம்புல மொண்டு."

"அதான். ஷவர்ல பொடிப் பொடியா தெறிக்குது பாருங்க, அதை மூச்சுல இழுத்தாத்தான் பெரிய ஆபத்து. வயசானவங்க, பீடி சிகரெட் புடிச்சவங்க, சக்கரை, நெஞ்சு வியாதி இருக்கறவங்க, அவங்களைத்தான் மொதல்ல புடிக்கும். இவங்க கிட்ட இருந்து உங்களுக்கு ஒட்டாது, பயப்படாம பக்கத்துல உக்காருங்க."

"இப்ப நான் இன்னா பண்ணணும்?"

டாக்டரம்மா சொன்னார்: டேங்குகளை ஒட்டக் காலி பண்ண வேண்டும். தேய்க்க வேண்டும். புதுத் தண்ணீரில் மருந்து கலந்து குழாய் முழுக்க ஓட விட வேண்டும். ஷவர்களைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆள் இல்லாத அறையிலும் வாராவாரம் குழாயைத் திறந்து விட வேண்டும். அதெல்லாம் முடிகிற வரைக்கும் ஷவரை யாரும் தொடக் கூடாது.

"ஒட்டவா?" என்று மட்டும் அம்மா கேட்டார். "இந்தச் சித்திரையிலயா?"

டாக்டரம்மா தலையாட்டினார். அம்மா எழுந்து, கொண்டுவந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். படி ஏறினால் இரைத்தது, ஆனாலும் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்தது. மனதுதான் கிடந்து அடித்துக்கொண்டது. அந்த வருஷம் போரில் தண்ணீர் கம்மி. டேங்கைக் காலி செய்தால் சித்ரா பௌர்ணமிக்குள் மறுபடி ரொம்பாது. அம்மா கொட்ட மாட்டார், எனக்குத் தெரியும். லாட்ஜுக்கு வெள்ளையடிக்கிறார்கள், எல்லா அறைக்கும் ஆள் சொல்லியாகிவிட்டது என்று மகள் கேட்டுவந்து சொன்னாள். எனக்குச் சேத்துப்பட்டுப் பெரியவர் நினைவு வந்தது. வருஷம் தவறாமல் சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர். கீழே முதல் அறை அவருக்கு. இழுப்பு உள்ளவர். ஈர ஆவி நெஞ்சுக்கு இதம் என்று ஷவருக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் ஒருத்தரிடம்தான் அம்மா வால்வை மூட மாட்டார். கண்ணை மூடினால் எனக்கு அந்த ஸ்டூல்தான் தெரிந்தது.

மகளிடம் கடைக்கு என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனேன். கீழே யாரும் இல்லை. மாடிப் படியில் நின்று நின்று ஏறினேன். அம்மா முதல் டேங்குக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கை, வால்வு மேல் இருந்தது.

நான் எத்தனையோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "ம்மா, சேத்துப்பட்டு ஐயா வருவாரும்மா."

"தெரியும்மே. அவரை நெனச்சித்தான் காலையில இருந்து இங்க உக்காந்துங்கீறேன்." திரும்பி என்னைப் பார்த்தார். "உன்னையும் நெனச்சித்தான். கை வர மாட்டேங்குது. தொறந்தா நேரா சாக்கடைக்குத்தானே போவும்?"

சாக்கடை என்றதும் எனக்குப் பழைய பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, இருமலும் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னேன், "ரோட்டோரம் நட்ட கன்னெல்லாம் காயுதும்மா."

கிரிவலப் பாதையில் முந்தின மழைக்கு நட்ட வேம்பும் புங்கனும் வெயிலில் குச்சியாய் நின்றன. அம்மா எழுந்து சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "மரத்துக்கு ஊத்தலாமா? வேர்ல உடறேன். தெறிக்காம உடறேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அம்மா போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, "கொட்டப் போறதில்லமே. எறக்கப் போறோம்" என்றார். வால்வைத் திறந்தார்.

என்னை மாடியை விட்டு இறக்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். ஆட்கள் வந்தார்கள். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, குழாய் முனையைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி டிரம்களில் பிடித்து, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செடி செடியாக விட்டார்கள். எதிர்ப்புற டீக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார்.

"இன்னா லாட்ஜம்மா, நீங்களா தண்ணி கொட்றது? கையைக் கிள்ளிப் பாக்கணும் போலக்கீதே!"

"கொட்றேன்னு இன்னொரு வாட்டி சொன்னே, உன் பாய்லரைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அடியில் சேறு. டேங்கின் உள்பக்கம் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்றாம். அம்மா அந்த வழவழப்பை ஒரு விரலில் எடுத்துக் கீழே கொண்டுவந்து வெயிலில் காட்டிப் பார்த்தார். "இத்தனை நாளா உன்னைத்தான் காபந்து பண்ணிங்கீந்தேனா?" என்று கேட்டுவிட்டுச் சோப்பு போட்டுக் கை கழுவினார். சொம்புத் தண்ணீரில்தான்.

ஷவர்கள் பழைய காலத்துப் பித்தளை. கழற்றி, அன்னதானத்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார். டீக்கடைக்காரர் அதற்கும் வந்தார்.

"இன்னைக்கு இன்னா சமையல்?"

"ஷவர் கொழம்பு. பாத்திரம் எடுத்துனு வா."

சித்ரா பௌர்ணமிக்குள் போர் கொடுத்த தண்ணீரில் ஒரு டேங்க்தான் ரொம்பியது. மாடி அறைக்குச் சொல்லிவைத்தவர்களுக்கெல்லாம் அம்மாவே போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார். அந்த வருமானத்துக்காகத்தான் கொரோனா முழுக்கக் காத்திருந்தார். கீழ் அறைகள் மட்டும் திறந்தன. ஷவர் இருந்த இடத்தில் மொட்டைக் குழாய். ஆளுக்கு ஒரு வாளி, ஒரு சொம்பு.

சேத்துப்பட்டுப் பெரியவர் வந்து பாத்ரூமில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஷவர் எங்கம்மா?" என்றார்.

"வெந்துங்கீது. நீங்க உக்காருங்க."

வேறே அண்டாவில் கொதித்த வெந்நீரைப் பச்சைத் தண்ணீர் கலந்து பதமாக விளாவி அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அம்மாவே வைத்தார். இரண்டு வாளி வைத்தார். இரண்டாவது வாளியை அவர் கேட்கவேயில்லை. மலையைச் சுற்றி முடித்துத் திரும்பிய பெரியவர், கால் வலிக்கிறது என்று மட்டும்தான் சொன்னார். நான் அவர் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் இருக்கிற இழுப்புதான், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஊருக்குப் போன பிறகும் அம்மா அவருக்குப் போன் போட்டு, "காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சலித்துப்போய், "இருந்தாத்தான் விடுவீங்களா?" என்றாராம்.

அதற்கப்புறம் அம்மா மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். துடைத்த தண்ணீர் எங்கே என்று கேட்பது நிற்கவில்லை. ஆனால் வாராவாரம் ஆள் இல்லாத அறைக்கெல்லாம் அவரே போவார். திரும்ப மாட்டின ஷவர் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, கீழ் மூலையை ஓட்டை போட்டு வாளிக்குள் விட்டு, தெறிக்காமல் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார். அந்த வாளியெல்லாம் பாதையோரச் செடிக்கு. என்னை அந்த வேலைக்கு விடவே மாட்டார். "நீ போர்வையை மட்டும் பாருமே. நெஞ்சு வாங்கினது போதும்" என்பார்.

டேங்குகளில் பாதியை இறக்கிவிட்டார். தேவைக்கு மேலே நிற்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் அப்படி எடுத்துக்கொண்டார். இறக்கினதில் ஒன்றைக் குறுக்கே அறுத்து, சுத்தமாகத் தேய்த்து, லாட்ஜ் வாசலுக்குப் பக்கத்தில் மாடு குடிக்கிற தொட்டியாகப் போட்டார். முதல் நாள் ஒரு மாடு வந்து வாய் வைத்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்க வராதே.

போன தை மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசியாகக் குளிப்பாட்டுவதற்கு வாசல் வேம்புக்குக் கிட்டே கிடத்தச் சொன்னேன். எல்லார் நடுவிலும் நானே சத்தமாகச் சொன்னேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வேருக்குப் போயிற்று.

இப்போது லாட்ஜை அம்மாவின் மருமகள் பார்க்கிறார். பை கட்டித் திறந்து விடுவது நிற்கவில்லை. எனக்கு மூச்சு நன்றாக இருக்கிறது. முழுக்க இல்லை என்றாலும் போன கார்த்திகையில் மலையைப் பாதி சுற்றினேன். வேம்பும் புங்கனும் ஆள் உயரம் தாண்டிவிட்டன. தொட்டியை ரொப்புவது என் வேலை. ரொப்புகிறேன், மாடுகள் குடித்துவிடுகின்றன. மறுபடி ரொப்புகிறேன்.

கிருமியைப் பற்றி நான் எழுதினது டாக்டரம்மா சொன்னபடிதானா என்று, படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அந்தப் பெரியவர் ஊர் சேத்துப்பட்டுதானா, போளூரா என்றும் இப்போது சந்தேகம் வருகிறது, தெரிந்தவர்கள் சொல்லலாம். பௌர்ணமிக்கு இந்தப் பக்கம் நடந்து வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தொட்டியின் உள்பக்கத்தை ஒரு விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், லாட்ஜ் பின்பக்கம் போர்வை காய்கிற இடத்தில் நான் இருப்பேன், வந்து சொல்லுங்கள். உடனே தேய்த்துவிடுகிறேன்.